வரேன் என்று சொன்ன ஐஸ்

மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஐஸ் பேக்டரி. அதன் இரும்புக் குழாய்க்குள் அம்மோனியா குடியிருந்தது. சூட்டை உறிஞ்சி ஆவியாகும். இயந்திரம் அழுத்திப் பிழிந்ததும் திரவமாகித் திரும்பி வரும். பிழைப்பே அவ்வளவுதான். கொஞ்சம் வெளியே கசிந்தாலும் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஆகவே பேச்சுத்துணைக்கு, அது உறையவைத்த ஐஸ் கட்டிகள் மட்டும்தான்.

ஒவ்வொரு கட்டியும் லாரி ஏறும்போது, "போயிட்டு வரேன் அண்ணாச்சி" என்று சொல்லும். அம்மோனியா நம்பியது. போனால் திரும்பி வருவதுதானே அதற்குத் தெரிந்த வழக்கம்?

ஒன்றும் வரவில்லை.

"நன்றிகெட்ட கழுதைங்க" என்று ஒருநாள் கத்தியது. "என் உசிரைக் கொடுத்துக் குளிரவெச்சு அனுப்புறேன். ஒண்ணாவது எட்டிப்பார்க்குதா?"

குழாயைச் சுற்றித் தொட்டியில் அதுவரை பேசாமல் கிடந்த உப்புத் தண்ணீருக்குப் பொறுக்கவில்லை.

"வையாதீரும் ஓய். அதுங்க மீன் பெட்டியிலேயே உருகிச் செத்துப்போகுதுங்க."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான்."

"அப்புறம் எதுக்கு வரேன்னு சொல்லுதுங்க?"

"கிளம்பும்போது வேற என்னத்தைச் சொல்லும்?"



மறுநாள் காலையில் ஒரு கட்டியைத் தூக்கினார்கள். அதற்கு விவரம் போதாது.

"அண்ணாச்சி, நான் போறேன்" என்றது.

"போறேன்னு சொல்லாதே!" என்று அம்மோனியா பதறியது. "வரேன்னு சொல்லு."

"சரி, வரேன் அண்ணாச்சி."

"வெயில்ல நிக்காதே" என்றது அம்மோனியா. "சீக்கிரம் வந்துடு."