வீட்டில் ஒருவர்

“அப்பா, உங்க வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க!”

டீயை வாய்க்குக் கொண்டுபோன அப்பாவின் கை பாதியில் நின்றது. “யாரு இருக்கப் போறா? பூட்டிட்டுத்தானே வந்தேன்.”

பாப்பா கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ‘வீட்டில்: 1’ என்றிருந்தது.

நாற்பதைத் தொட்டாலும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான். வேலை தணிக்கை அலுவலகத்தில். கணக்கு இடித்தால் மட்டுமல்ல, சரியாக வந்தாலும் ‘எப்படிச் சரியாக வந்தது?’ என்று துருவுகிறவள். அம்மா போன பிறகு அப்பா நகரத்தின் மறுகோடியில் ஒண்டியாக இருந்தார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில், புரோகிராமரான கணவனை நச்சரித்து அங்கே ஒரு கருவி வைக்கச் சொன்னாள். வீட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, கைபேசிக்கு அனுப்பும் கருவி.

ஆபீசிலிருந்து எப்போது பார்த்தாலும் ‘1’. அப்பா பத்திரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே இங்கே வந்து எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதை எதற்குப் பார்க்க வேண்டும்? இன்று தெரியாமல் விரல் பட்டுவிட்டது.

“திருடன்தான்! கிளம்புங்க,” என்று கணவனை உலுக்கினாள்.

“அட, மெஷின்தானே பாப்பா? எதையாவது உளறும். விடு.”

“நான் எழுதினது உளறுமா மாமா?” கணவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அதுக்கில்ல மாப்பிள்ளை. இந்த வெயில்ல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? சாயங்காலம் நானே போய்ப் பார்த்துக்கறேன்.”

வீட்டில் திருடன் என்கிறார்கள். மனிதர் வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறார். பாப்பாவுக்குள் எங்கோ ஓர் எறும்பு ஊர்ந்தது.

அப்பா செருப்பு மாட்டும் நேரத்தில் கணவனின் காதைக் கடித்தாள். “திருடன் இல்லீங்க. இவரு யாரையோ உள்ள வச்சிருக்காரு. நாம வர்றோம்னு சொன்னாலே, ‘நீ எதுக்கு, நானே வர்றேன்’னு சொல்லுவாரே, கவனிச்சீங்களா?”

“சும்மா இரு. பெத்த அப்பாவைப் போய்…”

காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா, வழியெல்லாம் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

பூட்டு போட்டபடியே இருந்தது. மூவரும் உள்ளே நுழைந்ததும் திரையில் ‘3’ வந்தது. திருடன் இருந்தால் நாலாக வேண்டுமே! பாப்பா கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், அலமாரியைத் திறந்தாள், குளியலறைக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. துடைத்து வைத்தாற்போல் இருந்தது வீடு. சமையலறையில் ஒரே ஒரு கப் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க,” என்றான் கணவன்.

வாசலுக்கு வந்தார்கள். திரை மறுபடியும் ‘1’ ஆனது. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“தப்பு என்மேலதான். கருவி சில நேரம் ஒண்ணுமே அனுப்பாம சும்மா இருக்கும். நீ பதறிடுவியேன்னு, ‘எதுவும் வரலைன்னா 1னு காட்டு’ன்னு எழுதி வச்சேன். ஆனா நான் புரோகிராம் எழுதின மொழி ரொம்ப தாராளம். ‘ஏதாவது வந்துச்சா, இல்லையா?’ன்னு கேட்டா, தகவலே வராம காலியா இருந்தாலும் இல்லைங்கும், பூஜ்யம் வந்தாலும் இல்லைங்கும். யாருமே இல்லைன்னு கருவி ஒழுங்கா பூஜ்யம் அனுப்பியிருக்கு. அதைத் தகவலே வரலைன்னு எடுத்துக்கிட்டு, 1னு போட்டுடுச்சு.”

“வைக்கும்போது சோதிச்சுப் பார்க்க மாட்டீங்களா?”

“பார்த்தேனே! ஆனா நான் உள்ளதானே நின்னேன்!”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான். பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“மன்னிச்சிடுங்கப்பா. உங்களைப் போய்…”

“என்னைப் போய் என்ன?”

“ஒண்ணுமில்லப்பா.”

கணவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து ஒரு வரியை மாற்றினான். திரையில் ‘0’ விழுந்தது.

“இனி நீங்க படி தாண்டினா பூஜ்யம், உள்ள வந்தா ஒண்ணு. பிசகாது மாமா.”

“பிசகவே பிசகாதா மாப்பிள்ளை?”

அப்பாவின் முகம் சுருங்கியது. பாவம், பெற்ற மகளே காவல் போட்ட வருத்தம் என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். இனி இந்த மனிதரைச் சந்தேகப்படுவதில்லை என்று, அவரை அங்கேயே விட்டுத் திரும்பும்போது மனதுக்குள் சத்தியம் செய்தாள்.

மறுநாள் காலை ஆபீசில் கைபேசியைப் பார்த்தாள். ‘0’. நடக்கப் போயிருப்பார். மத்தியானமும் ‘0’. கடைக்குப் போயிருப்பார். சாயங்காலம் அவள் வீடு திரும்பிய பிறகும் ‘0’ என்றதும் கணவனிடம் பாய்ந்தாள்.

“திரும்பவும் சொதப்பிட்டீங்களா?”

அவன் கணினியைத் தட்டி, இரண்டு தடவை சரிபார்த்தான். “இல்லம்மா. இப்ப அது நிஜத்தைத்தான் சொல்லுது.”

எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ? அப்பாவின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“வீட்டுலதாம்மா இருக்கேன்.” குரலில் பிசிறில்லை.

அவள் வாய் திறப்பதற்குள், அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏங்க, பொண்ணுதானே? நமக்குக் கல்யாணமானதை இன்னைக்காவது சொல்லிடுங்களேன்!”