நாற்பத்திரண்டு ஆம்பியர்

மோட்டாரை மெல்லக் கிளப்பும் பழைய சாஃப்ட் ஸ்டார்ட்டர் பெட்டியை மாற்றுவதற்கு விவரம் குறிக்க, தேனியிலிருந்து வந்திருந்தாள் ஜெனிபர். திராட்சைத் தோட்டக்காரர் ஒச்சாண்டி பச்சைப் பொத்தானை அமுக்கினார். சோம்பல் முறிப்பதுபோல் உறுமல் எழுந்தது. மின்கம்பியில் அவள் கவ்வவிட்டிருந்த கிளாம்ப் மீட்டர் நாற்பத்திரண்டு ஆம்பியர் காட்டியது. வெளியே தொட்டியில் தண்ணீர் கொட்டியது.

மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்த்தெழுத அடுத்த அறைக்குப் போனாள். சிமெண்டு மேடையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நின்றன.

“அண்ணே, மோட்டார் எங்க?”

“காயில் கருகிப்போயி, திரும்பக் கட்டக் கொண்டுபோயி மூணு மாசமாச்சு தாயி, வந்தபாடில்ல. தண்ணி அதுபாட்டுக்கு வருது. கொடியெல்லாம் காய் நிக்கிது, அந்தப் பெட்டிய மட்டும் கழட்டிராதீக.”

வெற்று மேடையிலிருந்து, ஓடும் மோட்டாரின் விசிறிக்காற்று வெதுவெதுப்பாக வீசியது. படபடத்த படிவத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, ‘மோட்டாரின் நிலை’ என்ற கட்டத்தில் எழுதினாள்: ‘ஓடுகிறது. பெட்டியை மாற்ற வேண்டாம்.’