மூன்று நாள் வைரம்

மோதிரம் அவள் விரலில். கணவர் குளியலறைத் தரையில்.

அவரைத் தூக்கிவிட ஓடியவள், முதலில் செய்தது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதுதான். ஒற்றைக் கையால் அவ்வளவு பெரிய மனிதரைத் தூக்க முடியுமா? மறைத்த கையும் வெளியே வந்தது.

வைரங்கள் வெட்கமே இல்லாமல் மின்னின.

அவர் மோதிரத்தைப் பார்த்தார்.

அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வைரம் என்றால் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்லது நடந்தால் வாங்கலாம். ஒன்றுமே நடக்காவிட்டாலும் வாங்கலாம். கெட்டது நடந்தால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கோயம்புத்தூர்க் கடைக்காரரும் அப்படிச் சொல்லித்தான் சனிக்கிழமை காலை டப்பாவை அவளிடம் கொடுத்தனுப்பினார்.

சகுனம் என்றால் அவள் கணவருக்கு உயிர். பூனை குறுக்கே போனதற்காக ஆபீசுக்கே லீவு போட்டவர். அதுவும் இது பிறர் கை பட்ட பழைய வைரம்.

ஊட்டியில் எஸ்டேட் வைத்திருந்த ஓர் அம்மாள், அந்தக் காலத்தில் விருந்துகளுக்குப் போட்ட மோதிரமாம். காக்டெயில் மோதிரம் என்று பெயர். நடுவில் ஒரு பெரிய கல், சுற்றிலும் இதழ் இதழாகச் சின்னக் கற்கள். விரலில் பாதியை மறைக்கும்.

அவளை யார் விருந்துக்குக் கூப்பிட்டார்கள்? முருங்கைக்கீரை உருவும்போது போட்டுக்கொண்டாள். துணி மடிக்கும்போது போட்டுக்கொண்டாள். நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்தியவள், தனக்கென்று ஆசைப்பட்ட முதல் பொருள் அது.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒன்றரை நாள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வழுக்கி விழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் மோதிரத்தைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். அழுகை வந்தது. உள்ளறைக்குப் போய் அழுது முடித்து, முகம் கழுவி, கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கடைக்குத்தானுங்க. திருப்பிக் குடுத்துட்டு வந்தர்றேன்."

அவர் பேப்பரை இறக்கவில்லை.

"காலு வெள்ளிக்கெழமையே பெசகிப்போச்சு. அதனாலதான் நேத்து உழுந்தேன். மோதரம் சனிக்கெழமதான ஊட்டுக்கு வந்துச்சு?"

அவள் அப்படியே நின்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் மருதமலைக்குப் போயிருந்தார். அத்தனை படியும் ஏறி இறங்கி வந்தும் மூச்சிரைக்கவில்லை என்று, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவளிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் நடுங்கியது.

"அந்த மோதரத்தப் போட்டுக்க அம்மிணி. போட்டுட்டு, ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்தாந்து எனக்குச் சுத்திப் போட்ரு."