நாயுருவி நின்ற கரை

ஏரிக்கரையில் என்னென்ன செடி இருக்கிறதென்று ஊர்ப் பெண்கள் நோட்டில் எழுத வந்தார்கள். எழுதாத செடியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, நாயுருவிக்கு நடுக்கம் எடுத்துவிட்டது.

"என்னை அப்பவே எழுதியாச்சு. உன்னை யாருடி திரும்பிப் பார்ப்பா?" என்றது தும்பை.

சொன்ன மாதிரியே, எழுத வந்தவர்களில் ஒருத்தியான பூங்கோதை அதைப் பார்க்காமல் உரசிக்கொண்டு போனாள். நாயுருவி விடுமா? இருந்த விதையையெல்லாம் அவள் சேலையில் ஒட்டிவிட்டது.

"ஐயய்யோ அக்கா, சேலைக்கரை பூரா நாயுருவி!"

"நல்லவேளை சொன்னே, அதை விட்டுட்டேனே," என்று நோட்டுக்கார அக்கா எழுதினாள். "எங்கே பார்த்தே?"

"கரையிலதான்."

"நாயுருவி, கரை" என்று அக்கா எழுதி முடித்தாள்.

"எந்தக் கரைன்னு கேக்கவே இல்லையே!" என்று தும்பை கத்தியது.

"வாயை மூடுடி," என்றது நாயுருவி. "கரைன்னா கரைதான்."