குறைந்துபோன வாசம்

கத்தரிச் செடியைப் புழு கடித்தால், அதன் இலைகளிலிருந்து ஒரு வாசம் கிளம்பும். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு குளவி வந்து புழுவைத் தூக்கிப் போகும். அந்தத் தோட்டத்தில் செடி குளவியைக் கூப்பிடுவது இப்படித்தான்.

அங்கிருந்த குளவி ஒரு கணக்கு வைத்திருந்தது. வாசம் கூடினால் புழு அதிகம், குறைந்தால் புழு குறைவு. அந்தக் கணக்கில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் வேலியோரச் செடியிலிருந்து வாசம் பலமாக வந்தது. குளவி சிறகைத் துடைத்துக்கொண்டு கிளம்புவதற்குள் வாசம் சற்று இறங்கிவிட்டது. மறுநாள் இன்னும் இறங்கியது.

"புழுவெல்லாம் தானாவே போயிட்டிருக்கு," என்றது குளவி.

"எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன்," என்றது பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ஓர் எறும்பு.

"அதான் கணக்கு சொல்லுதே. நான் எதுக்கு வீணா அலையணும்?"

பிறகு வாசமே வரவில்லை. சரி, நலம் விசாரித்துவிட்டு வரலாம் என்று குளவி பறந்து போனது.

வேலியோரத்தில் வெறும் தண்டு நின்றது. கொழுத்த புழுக்கள் அதைச் சுற்றிக் கிடந்தன.

"ஏன் கூப்பிடறதை நிறுத்திட்ட?" என்று கேட்டது குளவி.

"நான் நிறுத்தலை," என்றது தண்டு. "கடைசி இலை இருக்கிற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருந்தேன்."