சவரியப்பன் கையில் வந்த தடிப்பு

விபத்தில் இறந்த யமுனா, சிறுவயதில் காசநோயை வென்றவள். அந்தக் கிருமியோடு சண்டையிட்டுப் பழகிய அவளுடைய எதிர்ப்பு அணுக்களை, எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயோடு கிடந்த கொத்தனார் சவரியப்பனுக்கு ஏற்றியிருந்தார்கள். அவை அவர் உடம்பில் பிழைத்துவிட்டனவா என்று அறிய, செத்த கிருமியின் சாற்றை முன்கைத் தோலில் ஊசியாகப் போட்டார்கள். தோல் தடித்தால் அணுக்கள் வேலை செய்கின்றன. தடிக்காவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

யமுனாவின் கணவன் இளமாறனை ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தக் கையைப் பார்க்கச் சொன்னார்கள். அழைத்ததால் போனான்.

சவரியப்பன் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். ஒரு காசு அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது.

"முன்னாடி ஊசி போட்டப்ப ஒண்ணுமே வரல தம்பி. இப்ப அரிப்பு உயிரை எடுக்குது. சொறிஞ்சா நர்சம்மா திட்டுது," என்றார் முகக்கவசத்துக்குள்ளிருந்து. "உங்க வீட்டம்மா ரொம்பப் பிடிவாதமோ?"

இளமாறன் தடிப்பின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தான். சுற்றியிருந்த தோலைவிடச் சூடாக இருந்தது.

"பிடிச்சா விடமாட்டா."

"அப்ப நான் பொழச்சுக்குவேன்," என்று சவரியப்பன் சட்டைக் கையை இறக்கப் போனார்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றான் இளமாறன். விரலை அவன் இன்னும் எடுக்கவில்லை.