எனிட் மறந்த சொற்கள்

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். டாக்டர் பெல்லமி. மேல்மாடி வார்டின் நர்ஸ் மோரீன். அன்றாட ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று வாராவாரம் பத்திரிகையில் எழுதும் கிளெமென்ட் டிரெஸ்காட். அவர் மனைவி எனிட்.

எனிட் மடியில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். வந்திருப்பது பரிசோதனைக்கு, பெட்டி எதற்கு என்று கேட்டால் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள் என்றார் கிளெமென்ட். வொர்திங் கடற்கரைக்குப் போவதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ. உள்ளே இரண்டு நாவலும் மூக்குக்கண்ணாடியும் வேறு எடுத்து வைத்திருக்கிறாள்.

"கெட்டிலுக்குப் பேர் தெரியல. நாவல் ஒரு கேடு," என்று சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. விஷயத்தை நேராகச் சொன்னார். அவர் படங்களைக் காட்டுவார், எனிட் பெயர் சொல்ல வேண்டும். பாதியாவது சொன்னால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் மேல்மாடி. நோயாளிகள் ஞாபக மறதியில் ரோட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பதால் அங்கே கதவு எப்போதும் பூட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் பழகும்வரை சொந்தக்காரர்கள் பார்க்க வரக்கூடாது.

கிளெமென்ட்டின் சிரிப்பு நின்றது. அவளை வீட்டுக்குத்தான் கூட்டிப் போக வேண்டும் என்றார். சமையல், துணி துவைப்பது எதையும் கை மறக்கவில்லை, வாய்தான் மறந்துவிட்டது. பேச்சை அவர் பார்த்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

முதல் படம் ஸ்பூன். எனிட் அதையே பார்த்தாள்.

"முழிக்காத. ஆதியில ஸ்பூன்னா மரச்சிராய். சிராயைச் செதுக்கி வாயில வெச்சான் மனுஷன். எங்க, சொல்லு," என்றார் கிளெமென்ட்.

"வாயில... வெக்கிறது," என்றாள் எனிட்.

எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். அதை கிளெமென்ட்டிடம் சொல்வதும் மூச்சு விடாதே என்று சொல்வதும் ஒன்று. ஜன்னல் படம் வந்தது. விண்டோ என்றால் காற்றின் கண், வடக்கேயிருந்து கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போன சொல் என்று ஆரம்பித்தார். எனிட் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். அடுத்து டெய்சிப் பூ. அது பகலின் கண், வெயில் வந்தால் திறக்கும் என்றார். எனிட் மறுபடியும் தன் கண்ணையே தொட்டாள்.

நர்ஸ் மோரீன் தரையைப் பார்த்தாள்.

இது எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். கிளெமென்ட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒருநாள் அவசரத்தில், தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கும் கெட்டிலை 'அந்த ஊளையிடறது' என்று சொல்லிவிட்டாளாம். அதை அப்படியே பத்திரிகையில் எழுதினாராம். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு சொல்லாகப் போயிற்று. போகப் போக எழுதினார். வாசகர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். கசாப்புக் கடைக்காரன் ஈரலைத் தூக்கிப் பிடித்து, மேடம் இதுக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க என்று கேட்க, கடையே சிரித்ததாம். எனிட்டும் சேர்ந்து சிரித்தாளாம்.

"சிரிச்சாங்களா?" என்றாள் மோரீன்.

"நல்லாவே சிரிச்சா. அவளுக்கு எங்க புரியுது?"

அடுத்த படத்தில் தொப்பி வைத்த ஒரு சீமாட்டி.

"லேடி. ரொட்டிக்கு மாவு பிசையறவள்னு அர்த்தம். தினம் அதைத்தானே செய்யற? உன் படம்தான், எனிட். சொல்லு."

எனிட் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

படங்கள் தீர்ந்தன. ஒன்றுக்கும் பெயர் வரவில்லை. கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். கையால் கிளெமென்ட்டைக் காட்டினார்.

"மிசஸ் டிரெஸ்காட், இவர் யாரு?"

கிளெமென்ட் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியது.

"ஹஸ்பண்ட். வீட்டுக்கு உடையவன்னு அர்த்தம். பாரு, வார்த்தையையே சொல்லிட்டேன். நீ திருப்பிச் சொன்னா போதும். எனிட், தயவு பண்ணு."

எனிட் அவரை வெகுநேரம் பார்த்தாள். நெற்றி, மூக்கு, வாய். வாயில் பார்வை கொஞ்சம் தங்கியது.

"கேஸ் மீட்டர் பாக்க வர்றவர்," என்றாள்.

டாக்டர் படங்களை அடுக்கி உறையில் போட்டார். கிளெமென்ட் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். இன்னொரு நாள் கூட்டி வருகிறேன், வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்து அழைத்து வருகிறேன் என்றார். முடியாது என்றார் டாக்டர்.

"இவ இல்லாம நான் யார்கிட்டங்க பேசுவேன்?" என்றார் கிளெமென்ட்.

மோரீன் எனிட்டின் முழங்கையைப் பிடித்து மாடிக்கு நடத்திக்கொண்டு போனாள். கிளெமென்ட் பின்னாலேயே வந்தார். படிக்கட்டு முழுக்க ஸ்பூன், டெய்சி, விண்டோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. கண்ணீர் மோவாய் வரை இறங்கியிருந்தது. இதற்கு மேல் வரக்கூடாது என்று மோரீன் அவரை நிறுத்தினாள். எனிட் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கதவு மூடியது. மோரீன் சாவியைத் திருப்பினாள். வெளியே அவர் இரண்டு கையாலும் கதவை அடித்து, எனிட், எனிட் என்று கூப்பிட்டார். பயப்படாதீங்க, டியர் என்று மோரீன் அவள் தோளைத் தடவினாள்.

எனிட் கோட்டுப் பொத்தான்களை நிதானமாகக் கழற்றினாள்.

"உள்தாழ்ப்பாளையும் போட்டுடுங்க, நர்ஸ். அவர் லேசுல விடமாட்டார்."